மருந்துச் சீட்டில் ‘சோற்றைக் குறை’, நியாயவிலைக் கடையில் அரிசி மட்டும்

குஜிலியம்பாறை வட்டாரத்துக் காலனி ஒன்றில் பட்டா தொடர்பான மனுக்களை எழுதிக்கொண்டிருந்த மாலையில், ஆவணங்களோடு ஒரு மருந்துச் சீட்டும் எங்கள் கைக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஐம்பது வயதை நெருங்கும் விவசாயக் கூலித் தொழிலாளி. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார். அவரும் தவறாமல் விழுங்குகிறார். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. சீட்டின் அடியில் ‘அரிசி உணவைக் குறைக்கவும்’ என்று எழுதியிருந்தது. “சோத்தக் கொறைங்கன்னு எழுதிட்டாங்க. அப்ப எதத் திங்கிறதுன்னு எழுதலையே, வக்கீல் தம்பி?” என்று கேட்டார்.

பட்டா மனுவை எழுதுவதைவிட இதற்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கடினமாக இருந்தது. அந்தப் பதிலின் ஒரு பாதி அடுப்படியிலும் மறுபாதி சட்டத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாவுச்சத்தைக் குறைப்பது என்றால் என்ன?

அரிசி, கோதுமை, சோளம், கம்பு, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றின் மாவுச்சத்து செரிமானத்தில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் செல்களுக்குள் செலுத்துவது கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் போதாமல் போகிறது, அல்லது சுரந்தும் சரியாக வேலை செய்வதில்லை. ஒரே வேளையில் மலைபோல் குவித்த சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸை அந்த உடலால் சமாளிக்க முடியாது. ஆகவே மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தைப் புரதத்தாலும் நல்ல கொழுப்பாலும் நார்ச்சத்தாலும் நிரப்புவதே ‘லோ கார்ப்’ எனப்படும் உணவுமுறை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையில் உள்ள மருத்துவர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் அதன் விகிதம் 14.4 விழுக்காடு என்று அவை கூறின. அதே ஆய்வுக் குழு 2025இல் வெளியிட்ட உணவு குறித்த கட்டுரையின்படி, இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு மிகக் குறைவு. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் நோயைப் பின்வாங்கச் செய்ய, மாவுச்சத்தை 49 முதல் 54 விழுக்காடாகக் குறைத்துப் புரதத்தை 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று 2022இல் இதே குழுவினர் பரிந்துரைத்தனர்.

அறுபத்திரண்டிலிருந்து ஐம்பதுக்கு இறங்குவது சோற்றை அறவே விடுவதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டில் சோற்றின் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பையோ முட்டையையோ மீனையோ வைப்பதுதான்.

இன்னொரு தெளிவும் தேவை. ‘அரிசிக்குப் பதில் சிறுதானியம் சாப்பிட்டால் போதும்’ என்பது முழு உண்மையல்ல. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், கம்பிலும் கேழ்வரகிலும் 60 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. அவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல் என்பது நன்மைதான். ஆனால் அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பதே மேற்சொன்ன 2025 கட்டுரையின் முடிவு.

தட்டு வெள்ளையானது எப்படி?

குஜிலியம்பாறை வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும், அவற்றினூடே துவரை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவையும் விளையும் மேட்டுக்காடு. நெற்சோறு விசேஷ நாளின் உணவாக இருந்த காலத்தை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. களத்தில் அளந்து போடும் தானியக் கூலிக்காகக் கைநீட்டி நின்றவர்கள் நம் மக்கள். படியளப்பவர் மனம் வைத்தால்தான் அடுப்பு எரிந்தது. நியாயவிலைக் கடை அந்தச் சங்கிலியை அறுத்தது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஆண்டையின் களத்துமேட்டை எதிர்பார்க்காமல் உண்ண முடிந்தது ஒரு சமூக விடுதலை. ஆகவே ரேஷன் அரிசியைக் கேலி செய்யும் எவரோடும் நாம் சேரமாட்டோம்.

ஆனால் பசியை விரட்டிய திட்டம் ஊட்டத்தைத் தரவில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குடும்ப அட்டைதாரருக்குத் தரும் உரிமை ‘உணவு தானியம்’ மட்டுமே. அரிசி, கோதுமை, பருவட்டுத் தானியங்கள் என்று அச்சொல்லுக்குச் சட்டமே பொருள் வரையறுக்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. பருப்பு அந்த வரையறைக்குள் வரவில்லை. தமிழ்நாடு அரசு தன் சொந்தச் செலவில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயிலை 25 ரூபாய்க்கும் வழங்கிவருகிறது. பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பாராட்டுக்குரியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம். அதே குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமுக்கும் குறைவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சோற்றைக் குறைக்கச் சொல்லும் சீட்டையும் சோற்றை மட்டுமே கொடுக்கும் அட்டையையும் அந்தப் பெண்ணுக்குத் தந்திருப்பது ஒரே அரசுதான்.

யாருடைய ‘லோ கார்ப்’?

தமிழில் இந்த உணவுமுறையைப் பரவலாக்கியதில் நியாண்டர் செல்வன் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவுக்கும் அவருடைய ‘பேலியோ டயட்’ நூலுக்கும் பெரும் பங்குண்டு. முட்டையையும் இறைச்சியையும் கண்டு அஞ்சிய நடுத்தர வர்க்கத்தின் தயக்கத்தை அந்த இயக்கம் உடைத்தது. அது நல்ல பணியே. ஆனால் காலையில் நூறு பாதாம், மதியம் பனீர், மாலையில் வெண்ணெய் போட்ட தேநீர், இரவில் ஆட்டிறைச்சி என்று பரவிய பட்டியல்கள் யாருடைய பணப்பையை மனத்தில் கொண்டவை? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் பாதாம் வாங்கினால் வீட்டில் வேறெதுவும் வாங்க முடியாது.

இதனால் ‘லோ கார்ப் பணக்காரர் விஷயம்’ என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் தவறானது. விலை குறைந்த புரதத்தைச் சுவையாகச் சமைக்கும் அறிவு இந்த மண்ணில் யாரிடம் அதிகம் இருக்கிறது என்று கேட்டால், சேரியின் அடுப்படியைத்தான் காட்ட வேண்டும்.

இழிவு சுமத்தப்பட்ட புரதம்

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஈரல், குடல், இரத்தப் பொரியல், உப்புக்கண்டம், கருவாடு, வயல் நண்டு, நத்தை, முருங்கைக்கீரை, குப்பைக்கீரை என்று நம் முன்னோர் உண்டவற்றில் பெரும்பாலானவை மாவுச்சத்து அறவே இல்லாதவை, அல்லது மிகக் குறைந்தவை. நூறு கிராம் கொழுப்பற்ற மாட்டிறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. ஆட்டிறைச்சியிலும் அதே அளவுதான். விலையோ பாதிக்கும் குறைவு.

இவ்வளவு மலிவான சத்து தட்டிலிருந்து விலகியதற்குக் காரணம் வெட்கம். பள்ளிக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸில் எலும்புத் துண்டு தெரிந்துவிடக் கூடாது என்று தாய்மார் கவலைப்படுகிறார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேலைக்குப் போய் வாடகை வீடு தேடும் இளைஞரிடம் முதலில் கேட்கப்படுவது என்ன சாதி என்பதல்ல, ‘என்ன சமைப்பீர்கள்?’ என்பதே. இரண்டு கேள்விகளும் ஒன்றுதான் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்த வெட்கத்தின் விலையாக இறைச்சி இருந்த இடத்தில் இன்று ரசஞ்சோறும் அப்பளமும் பரோட்டாவும் வந்து அமர்ந்திருக்கின்றன.

அரசும் இந்த வெட்கத்துக்கு முத்திரை குத்தியதுண்டு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. இந்த விலக்கலைத் தீண்டாமையின் அடிப்படையிலான பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. உணவை விலக்குவது மனிதரை விலக்குவதே என்பதை ஒரு சட்டபூர்வ அமைப்பு எழுத்தில் எழுப்பிய தருணம் அது.

தீண்டாமைக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள உறவை 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விரிவாக ஆராய்ந்தார். அண்ணலே கடும் நீரிழிவால் துன்புற்றவர். அதே ஆண்டில் அவரை மணந்த மருத்துவர் சவிதா, அவருடைய உணவையும் இன்சுலினையும் கவனித்துவந்தார். உணவின் அரசியலை எழுதிய கை, உணவைக் கட்டுப்படுத்த வேண்டிய நோயோடும் போராடியது. நீரிழிவு சொகுசானவர்களின் நோய் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சட்ட நிலையையும் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி உண்பதையோ வீட்டில் வைத்திருப்பதையோ குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடுகளைச் சான்று பெற்று அறுக்க அனுமதிக்கிறது. 1976 முதல் பசு அறுப்புக்குத் தனித் தடை உள்ளது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு 2017 மே மாதம் கொண்டுவந்தபோது, திண்டுக்கல் மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் ஒரு வாரத்துக்குள் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் ஜூலையில் நாடு முழுமைக்கும் விரித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்தரங்க உரிமை குறித்த புட்டசாமி வழக்கின் தீர்ப்பில், எதை உண்ண வேண்டும் என்று அரசு சொல்வதை எவரும் விரும்பமாட்டார் என்ற கருத்தை நீதிபதி செலமேஸ்வர் பதிவுசெய்தார்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

இனி அந்த அக்காவின் கேள்விக்கு நேரடியாக வருவோம். 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் கணக்கு இது. அரிசி 200 கிராம், அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு டம்ளருக்குச் சற்று மேல். பருப்போ பயறோ 50 கிராம். நிலக்கடலை 50 கிராம். முட்டை இரண்டு. கீரையும் காயும் வேண்டிய மட்டும். எண்ணெய் ஆறு தேக்கரண்டி. இதில் புரதம் ஏறத்தாழ 50 கிராம் கிடைக்கிறது. மாவுச்சத்தின் பங்கும் ஏறத்தாழ பாதிக்கு இறங்குகிறது. களையெடுப்பு, கரும்பு வெட்டு போன்ற கடும் வேலை நாளில் எல்லாவற்றையும் இதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

காலையில் வெறும் சோறும் ஊறுகாயும் என்பதற்குப் பதிலாக, முந்தின இரவு ஊறவைத்த தட்டைப்பயறையோ கொண்டைக்கடலையையோ சுண்டலாகத் தாளித்து, அவித்த முட்டையோடு சாப்பிடலாம். விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இதைத் தூக்குவாளியில் கொண்டுபோக முடியும். மதியத்துக்கு முருங்கைக்கீரை. இந்த வட்டாரத்தில் முருங்கை மரம் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கீரையை உருவிச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் ஒரு சட்டி நிறையப் பொரியல். வறுத்த கொள்ளில் மிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்த துவையல் சிறிதளவு சோற்றையும் சுவையாக உண்ண வைக்கும். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிக் கத்தரிக்காயோடு குழம்பு வைக்கலாம்.

வாரத்தில் ஓரிரு நாள் மாட்டிறைச்சி. கொழுப்புக் கட்டிகளை நீக்கிவிட்டு, மஞ்சளும் இஞ்சி பூண்டும் சேர்த்து வேகவைத்து, மிளகு, சீரகம், கறிவேப்பிலையோடு சுருள வதக்கி, முருங்கைக்காயையோ சுரைக்காயையோ சேர்த்தால் ஒரு கிலோ இறைச்சி ஆறு பேருக்குத் தாராளம். இங்கும் அளவு முக்கியம். சிவப்பு இறைச்சியை நாள்தோறும் மிகுதியாக உண்பதை மருத்துவம் பரிந்துரைப்பதில்லை. பயறும் முட்டையும் மீனும் அன்றாடத்துக்கு, இறைச்சி வாரத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். உப்புக்கண்டத்தையும் கருவாட்டையும் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிகக் குறைவாகவே எடுக்க வேண்டும்.

செலவே இல்லாத மாற்றங்கள் இரண்டு. முதலில் கீரை, காய், முட்டையை உண்டுவிட்டுக் கடைசியில் சோற்றை உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இரண்டாவது, தேநீர். நாளொன்றுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் முப்பது கிராமுக்கு மேல் வெறும் சர்க்கரை. சீனி போடாத டீக்குப் பழகப் பதினைந்து நாள் போதும்.

எச்சரிக்கைகளும் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கைநடுக்கம், வியர்வை, மயக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். வெயிலில் வேலை செய்யும்போது இவற்றை வெறும் களைப்பு என்று தவறாக எண்ணிவிடக் கூடும். ஆகவே உணவை மாற்றுமுன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வது கட்டாயம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கருவுற்றவர்களும் தாமாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது.

கேட்டுப் பெற வேண்டியவை

அடுப்படியில் செய்யக்கூடியதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், நோயின் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டியவர்களாவோம். மக்களின் ஊட்டநிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது அரசமைப்பின் 47ஆம் கூறு. அதற்கு அடுத்த 48ஆம் கூறு பசுப் பாதுகாப்பைப் பேசுகிறது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டு நெறிகளில் பின்னதற்கு இயற்றப்பட்ட சட்டங்கள் எத்தனை, முன்னதற்காக நடந்த போராட்டங்கள் எத்தனை என்று நாடு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புரதத்தை உரிமையாக்குவது புதுமையான கோரிக்கையல்ல. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் புரதத்தின் அளவைக் கிராம் கணக்கில் வரையறுத்திருக்கிறது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது. இன்று பள்ளிக் குழந்தைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. காசநோயாளியின் ஊட்டத்துக்கென ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்குகிறது. உணவு மருந்தின் ஒரு பகுதி என்பதைக் காசநோய்க்கு ஏற்ற அரசு, நீரிழிவுக்கு ஏற்க மறுப்பதற்கு நியாயம் இல்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. அட்டைக்கு ஒரு கிலோ என்றிருக்கும் பருப்பை ஆளுக்கு ஒரு கிலோவாக உயர்த்த வேண்டும். அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பயறு, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அட்டைதாரருக்குத் தர வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு பெற வழிசெய்தது இதற்கு முன்மாதிரி. தேர்வு கட்டாயமாகக் கூடாது. அரிசி வேண்டுவோருக்கு அரிசி குறையக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் உள்ள ஏழை நீரிழிவு நோயாளிகளுக்கு மாத்திரையோடு முட்டையும் பயறும் சேர வேண்டும். கரூரைத் தாண்டினால் நாமக்கல்; முட்டைக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. அரசு விழா, விடுதி, உணவகம் எதிலும் மாட்டிறைச்சியைச் சாதி நோக்கில் விலக்கக் கூடாது.

சமைப்பவரின் கண்ணியமும் இதில் அடங்கும். சத்துணவுச் சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது; அதே பள்ளியில் அவர் பணியும் உறுதியானது. உண்ணும் உணவுக்காகவோ சமைக்கும் கைக்காகவோ பொதுவிடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது இச்சட்டத்தின்கீழ் குற்றம். புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பருப்பு அளவை உயர்த்தக் கோரும் தீர்மானத்தை எந்த உறுப்பினரும் அங்கே முன்மொழியலாம். ரேஷன் பொருள் குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குறைதீர் அலுவலரிடமும், அதன் பின் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். அன்று மாலை பட்டா மனுவோடு இந்தத் தீர்மானத்தின் வரைவையும் எழுதிக் கொடுத்தோம். அந்த அக்கா முதலாவதாகக் கையெழுத்திட்டார். மாத்திரையின் அளவைக் கேட்க மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதாகவும் சொன்னார்.